காருக்கு எதுக்கு செவுள்? ரோட்ஸ்டரில் ரெட்ரோ வென்ட் வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

இரண்டே சீட். திறந்த கூரை. நீளமான மூக்கு. ஸ்போர்ட்ஸ் ரோட்ஸ்டர் என்றதும் மனதில் வரும் உருவம் இதுதான். இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கோங்க. முன்சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவில், மீனின் செவுள் மாதிரி ஒரு பிளவு. அதன் குறுக்கே ஒன்றிரண்டு குரோம் பட்டைகள். அவ்வளவுதான்... கார் நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுவது போலத் தெரியும்!

இந்தச் செவுளைத்தான் 'சைடு வென்ட்', 'ஃபெண்டர் வென்ட்', 'கில்' என்று பல பெயர்களில் அழைக்கிறார்கள். பானெட்டின் மேல் வரிசையாக இருக்கும் கீற்றுகளுக்கு 'லூவர்' என்று பெயர். 1950-களின் ஸ்போர்ட்ஸ் கார்களில் பிரபலமான இந்த இரண்டும், இன்றைய ரோட்ஸ்டர்களை மாடிஃபை செய்பவர்களின் செல்லப் பிள்ளைகள். பழைய காரின் கம்பீரத்தைப் புதிய காரில் கொண்டுவர இதைவிடச் சுலபமான வழி கிடையாது என்று தோன்றும்.

ஆனால், ஒரு விஷயம். ஸ்டிக்கர் பிடிக்கவில்லையா, உரித்துவிடலாம். அலாய் வீல் பிடிக்கவில்லையா, பழையதை மாட்டிக்கலாம். பாடியில் ஓட்டை போட்டுவிட்டால்? போட்டதுதான். அதனால், கட்டரைக் கையில் எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: 'இந்த ஓட்டை வழியா எந்தக் காத்து, எங்கிருந்து எங்கே போகப்போகுது?'

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தால் உங்கள் வென்ட் வேலை செய்யும். தெரியாவிட்டால் அது அலங்காரம். அலங்காரம் தப்பே இல்லை. ஆனால், அலங்காரத்துக்காகத் தகட்டை வெட்ட வேண்டியதில்லை. முழுக்கதையையும் பார்க்கலாம்.

செவுள் எங்கே முளைத்தது?

மெர்சிடீஸ் பென்ஸ் 300 எஸ்எல். 1954-ல் வந்த கார். பறவை சிறகை விரிப்பதுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகளுக்காக 'கல்விங்' என்று செல்லப் பெயர் வாங்கியது. பானெட் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஆறு சிலிண்டர் இன்ஜினை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பொருத்தினார்கள். குறுகிய இடத்துக்குள் பெரிய இன்ஜின். அந்த வெப்பம் வெளியே போக வேண்டுமே... அதற்காகத்தான் முன்சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமும் திறப்புகள், அதன் மேல் குரோம் பட்டைகள். 1957-ல் இதே கார் ரோட்ஸ்டராக வந்தபோதும் செவுள்கள் கூடவே வந்தன.

ரேஸ் டிராக்கில் இதே காலகட்டத்தில் ஃபெராரியின் கதை வேறு. 250 டெஸ்டா ரோஸாவின் முதல் மாடல்களில், மூக்குக்கும் முன்சக்கர ஃபெண்டர்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி விட்டு பாடியைச் செதுக்கினார்கள். டிரம் பிரேக்குகள் சூடாகிப் பிடிப்பை இழக்காமல் இருக்க, அவற்றுக்குக் காற்று வேண்டும் என்பதுதான் காரணம். பார்க்க ஒரு சிற்பம். உண்மையில் அது பிரேக்குக்கு விசிறி!

1961-ல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப்பின் நீண்ட பானெட்டில் இருக்கும் லூவர்களும் இப்படித்தான். ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்று வெளியேற ஒரு வழி.

இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரத்தில் இன்றைக்கும் கார் செய்யும் மோர்கன் நிறுவனத்தைப் பாருங்கள். பானெட்டில் வரிசை வரிசையாக லூவர்கள் இல்லாமல் ஒரு கிளாசிக் மோர்கனைக் கற்பனை செய்ய முடியாது.

அதாவது, ஆரம்பத்தில் இதெல்லாம் டிசைனரின் ஆசை மட்டும் இல்லை. சூடு இருந்தது, அது வெளியேற வழி வேண்டியிருந்தது.

அழகுக்காக ஒரு செவுள்: பிஎம்டபிள்யூ 507

ரெட்ரோ செவுள் என்றால் பலரும் முதலில் காட்டும் கார், பிஎம்டபிள்யூ 507. ஆல்பிரெக்ட் கோர்ட்ஸ் வடிவமைத்தது. 1955-ல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் முதன்முதலாகக் காட்டினார்கள். 3.2 லிட்டர் வி8 இன்ஜின், 150 குதிரைத்திறன், கையால் தட்டி உருவாக்கிய அலுமினிய பாடி. முன்சக்கரத்துக்குப் பின்னால் குரோம் பட்டைகளுடன் ஒரு வென்ட். அதன் நடுவில் பிஎம்டபிள்யூவின் வட்ட லோகோ.

அமெரிக்காவில் பிஎம்டபிள்யூவை இறக்குமதி செய்த மேக்ஸ் ஹாஃப்மேன், 'சுமார் 5,000 டாலருக்கு ஒரு ரோட்ஸ்டர் கொடுங்க, விற்றுக் காட்டுறேன்' என்ற கணக்கில்தான் இந்த காரைக் கேட்டார். கையால் செய்த கார் என்பதால் விலை அதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. விளைவு? 1959-ல் உற்பத்தியை நிறுத்தும்வரை உருவானவை 250 கார்களை ஒட்டித்தான். ராணுவ சேவைக்காக ஜெர்மனியில் இருந்த எல்விஸ் பிரெஸ்லி ஒன்றை வைத்திருந்தார். நிறுவனத்துக்கோ பெரிய நஷ்டம். அதே 1959 டிசம்பரில் பிஎம்டபிள்யூ, டைம்லர் பென்ஸ் கைக்குப் போகும் நிலைமை வரைக்கும் போனது. குவான்ட் குடும்பத்தின் பணம்தான் காப்பாற்றியது. நிறுவனத்தின் சரிவுக்கு 507 மட்டுமே காரணம் இல்லை. அதற்கும் ஒரு பங்கு உண்டு.

விற்காத கார்தான். ஆனால், அந்தச் செவுள் மட்டும் யாருக்கும் மறக்கவில்லை.

1990-களில் திரும்பி வந்த மீன்!

1995-ல் பிஎம்டபிள்யூ இசட்3 ரோட்ஸ்டர் வந்தது. ஜோஜி நாகஷிமா வடிவமைத்த இந்த கார், அமெரிக்காவின் ஸ்பார்டன்பர்க் தொழிற்சாலையில் தயாரானது. அதே ஆண்டு 'கோல்டன் ஐ' ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தலைகாட்டியதில் உலகம் முழுக்கப் பிரபலம். ஃபெண்டரைப் பாருங்கள்... 507-ன் அதே செவுள், அதே இடத்தில் வட்ட லோகோ! 40 வருஷத்துக்கு முந்தைய காருக்கு நேரடி வணக்கம்.

அடுத்து இசட்8. ஹென்ரிக் ஃபிஸ்கர் வடிவமைத்தது. 2000-ல் தொடங்கி 2003 வரை 5,700 கார்கள்கிட்ட தயாரித்தார்கள். இது 507-ன் பேரன் என்றே சொல்லலாம். இதில் ஒரு குசும்பு வேலை: சைடு இண்டிகேட்டர், வென்ட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். எரியும்போதுதான் அங்கே விளக்கு இருப்பதே தெரியும். 1950-களின் முகம் கெடாமல், 2000-ன் சட்டத் தேவையை நிறைவேற்றிய சாமர்த்தியம் அது. ரெட்ரோ மாடிஃபிகேஷன் செய்பவர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மெர்சிடீஸும் சும்மா இல்லை. 2011-ல் வந்த மூன்றாம் தலைமுறை எஸ்எல்கே ரோட்ஸ்டரின் ஃபெண்டரில் குரோம் பட்டையுடன் வென்ட் வைத்து, தன் 1950-களின் எஸ்எல் கார்களை நினைவுபடுத்தியது.

2018-ல் வந்த இசட்4-ல் செவுள் மறுபடி வேலைக்குத் திரும்பியது. முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய திறப்பு, சக்கர அறைக்குள் சுழலும் காற்றை வெளியே எடுப்பதற்கானது.

பொய் ஓட்டைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு!

'காத்துக்கு வழி இல்லாம சும்மா ஷோவுக்கு ஓட்டை வைக்கிறது இப்போ வந்த ஃபேஷன்தானே?' இல்லை பாஸ்.

1949-ல் அமெரிக்காவின் பியூக் நிறுவனம், ஃபெண்டரில் வட்ட வட்டமாக 'வென்டிபோர்ட்' வைத்தது. அதன் டிசைனர் நெட் நிக்கல்ஸ், தன் சொந்த காரில் ஓட்டைகள் போட்டு, உள்ளே விளக்குகள் வைத்து, இன்ஜின் சிலிண்டர்கள் எரிவதற்கு ஏற்ப மின்னும்படி இணைத்திருந்தார். போர் விமானத்தின் எக்ஸாஸ்ட் மாதிரி! நிறுவனத்தின் மேலிடத்துக்கு அது பிடித்துப்போக, விளக்குகள் இல்லாமல் உற்பத்திக்கே வந்துவிட்டது. தொடக்கத்தில் உண்மையான திறப்புகளாக இருந்தவை, சீக்கிரமே அடைக்கப்பட்டு வெறும் அலங்காரம் ஆயின. ஆனால், எண்ணிக்கைக்கு மரியாதை இருந்தது. உயர்ந்த ரோட்மாஸ்டருக்கு நான்கு ஓட்டை, விலை குறைந்த மாடல்களுக்கு மூன்று. ஓட்டையை எண்ணியே ஆளின் வசதியைச் சொல்லிவிடலாம்!

நம் காலத்து உதாரணம், 2019-ல் வந்த டொயோட்டா சூப்ரா. இது இசட்4-ன் கூடப்பிறந்த பிறப்பு. இரண்டும் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஒரே தொழிற்சாலையில் தயாரானவை. சூப்ராவின் பானெட், கதவு எனப் பல இடங்களில் வென்ட் மாதிரி தெரியும் பாகங்கள் அடைக்கப்பட்டே இருந்தன. விமர்சனம் கிளம்பியதும், தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடா சொன்ன விளக்கத்தின் சாரம் இதுதான்: ரேஸுக்குத் தயார் செய்பவர்கள் அந்த மூடிகளை எடுத்துவிட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. உங்கள் காரில் இருக்கும் பொய் வென்ட்டைத் திறக்க ஆசைப்படும் முன், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சில நேரம் அங்கே காற்றுக்கான பாதை காத்திருக்கும். சில நேரம் கூலன்ட் டேங்க்கோ, ஒயரிங்கோ இருக்கும்!

காற்றுப் பாடம்... இரண்டே நிமிஷம்!

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். காற்று, அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு ஓடும். இது புரிந்துவிட்டால் வென்ட் விஷயத்தில் முக்கால்வாசி முடிந்தது.

கார் வேகமாகப் போகும்போது:

* அழுத்தம் அதிகம்: முன் பம்பரின் முகப்பு, விண்ட்ஷீல்டின் அடிப்பகுதி. காற்று இங்கே வந்து முட்டுகிறது.
* அழுத்தம் குறைவு: பானெட்டின் முன்பாதி, குறிப்பாக மூக்கைத் தாண்டி வளையும் இடம். முன்சக்கரத்துக்குப் பின்னால் ஃபெண்டரின் பக்கவாட்டு.
* உள்ளே அடைபட்ட காற்று: ரேடியேட்டருக்குப் பின்னால் இன்ஜின் அறை, சுழலும் சக்கரத்தைச் சுற்றியுள்ள வீல் ஆர்ச்.

இப்போது கணக்கு எளிது. காற்றை உள்ளே எடுக்க வேண்டுமா, அழுத்தம் அதிகமான முகப்பில் திறப்பு வையுங்கள். வெளியேற்ற வேண்டுமா, அழுத்தம் குறைந்த பானெட்டின் முன்பாதியிலோ, சக்கரத்துக்குப் பின்னாலோ வையுங்கள்.

நிறைய பேர் கோட்டை விடும் இடம், விண்ட்ஷீல்டின் அடிப்பகுதி. 'இங்கே ஒரு வென்ட் வெச்சா சூடு வெளியே போயிடும்' என்று நினைப்பார்கள். வேகமாகப் போகும்போது அங்கே நடப்பது நேரெதிர். காற்று அதன் வழியாக உள்ளே நுழையப் பார்க்கும். ரேடியேட்டரைத் தாண்டிவந்த சூடான காற்று வெளியேற விடாமல் அது முட்டுக்கட்டை போடும். இந்த இடத்தின் குணம் தெரிந்துதான் 1969 ஷெவர்லே கமாரோவில், இன்ஜினுக்கான காற்றை அங்கிருந்து *உள்ளே* இழுக்கும் பானெட்டைக் கொடுத்தார்கள்.

அப்புறம், வேகம். காற்றின் அழுத்தம், வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 100 கி.மீ வேகத்தில் காரின் முகத்தில் முட்டும் காற்றின் அழுத்தம், ஏறக்குறைய 47 மி.மீ உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். 50 கி.மீ வேகத்தில் இது 12 மி.மீ-தான். 30 கி.மீ வேகத்தில் வெறும் 4 மி.மீ! சிட்டி டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது உங்கள் சைடு வென்ட் வழியாகப் பெரிதாக எதுவும் நடக்காது என்பதற்கு இதுதான் காரணம். பானெட் லூவருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. சூடான காற்று இயல்பாகவே மேலே எழும்பும் என்பதால், கார் நின்றிருக்கும்போதும் அது கொஞ்சம் வேலை செய்யும்.

சரி, என்னென்ன மாற்றங்கள் செய்யலாம்?

1. இருப்பதை மாற்றுவது. மிகச் சுலபமானது, ரிஸ்க் குறைவானது. இசட்3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் செவுள், ஃபெண்டரில் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் பொருத்தப்பட்ட தனி பாகம். அதைக் கழற்றிவிட்டு, குரோம் பட்டைகள் உள்ளதையோ, வலை வைத்ததையோ மாட்டிக்கொள்ளலாம். இசட்3 உரிமையாளர்கள் மத்தியில் இது ரொம்ப காலமாகவே பிரபலம். வெட்டு இல்லை, பெயின்ட் இல்லை. பிடிக்கவில்லையென்றால் ஒரிஜினலைத் திரும்ப மாட்டிக்கலாம். ஒரிஜினலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காரை விற்கும்போது அதற்குத் தனி மரியாதை.

2. மேலே ஒட்டுவது. ஏபிஎஸ் பிளாஸ்டிக் அல்லது ஃபைபரில் செய்த வென்ட்டை, இரு பக்கமும் ஒட்டும் டேப்பால் ஃபெண்டரில் பொருத்துவது. காற்றுக்கு இதனால் எந்தப் பலனும் இல்லை. ஆனால், நேர்மையான அலங்காரம். ஒட்டும் முன் அந்த இடத்தில் மெழுகு, எண்ணெய் எதுவும் இல்லாமல் துடைப்பது முக்கியம். இல்லையென்றால் ஹைவேயில் உங்கள் குரோம், பின்னால் வரும் பைக்காரரின் மேல் பறக்கும். இது விளையாட்டு இல்லை. ஓரங்களில் தூசும் தண்ணீரும் தேங்கி பெயின்ட்டைக் கெடுக்கவும் வாய்ப்பு உண்டு.

3. உண்மையாகவே வெட்டுவது. டிராக்கில் ஓட்டுபவர்களுக்கு இது தேவைப்படலாம். உதாரணத்துக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5. பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களின் ஸ்டைலில் 1989-ல் வந்து, 2016-ல் உற்பத்தியில் 10 லட்சத்தைத் தாண்டிய கார். இதை டிராக்கில் விரட்டுபவர்கள், ரேடியேட்டரின் சூட்டை வெளியேற்ற பானெட்டில் லூவர் வைப்பது சகஜம். பார்ப்பதற்கு 1960-கள், வேலையோ இன்றைக்குத் தேவையானது. ரெட்ரோ வென்ட்டுக்கு இதைவிட நல்ல நியாயம் கிடையாது.

வெட்டும் முன்: கம்பளி நூல் டெஸ்ட்!

விண்ட் டனல் எல்லாம் வேண்டாம். ஒரு கம்பளி நூல் உருண்டை, ஒரு டேப் ரோல், ஒரு மொபைல் கேமரா, ஒரு நண்பர் போதும்.

நூலை விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டுங்கள். வென்ட் வைக்க நினைக்கும் இடத்திலும் அதைச் சுற்றியும், முன்பக்க முனையை மட்டும் டேப்பால் ஒட்டுங்கள். நூலின் நுனி டேப்பைத் தாண்டி ஆடட்டும். வாகன நடமாட்டம் இல்லாத தனியார் இடம் அல்லது டிராக்கில், பக்கத்தில் வரும் காரில் இருந்து *ஓட்டாத* ஒருவர் வீடியோ எடுக்கட்டும்.

நூல் எல்லாம் பாடியோடு படிந்து பின்னோக்கி நேராக நின்றால், காற்று ஒழுங்காக ஓடுகிறது. நூல் சுழன்றால், தலைகீழாகத் திரும்பினால், அங்கே காற்று குழம்பிக்கிடக்கிறது. அங்கே காற்றை உள்ளே எடுக்கும் திறப்பு வைத்துப் பிரயோஜனம் இல்லை.

அழுத்தத்தையே அளக்க வேண்டுமென்றால், 'யு' வடிவத்தில் வளைத்து, நிறம் கலந்த தண்ணீர் ஊற்றிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் போதும். ஒரு முனையை பானெட்டுக்கு உள்ளே, இன்னொரு முனையை வென்ட் வரப்போகும் இடத்தின் மேற்பரப்பில் வைத்துப் பாருங்கள். தண்ணீர், அழுத்தம் குறைந்த பக்கம் ஏறும். வெளிப்பக்கம் ஏறினால் சபாஷ், அங்கே வென்ட் வேலை செய்யும். உள்பக்கம் ஏறினால்? கட்டரைக் கீழே வையுங்கள்.

வெட்டுறதுன்னு முடிவா? இதையெல்லாம் கவனிங்க!

ஒரிஜினலைத் தொடாதீங்க. பெரும்பாலான கார்களில் பானெட்டும் முன் ஃபெண்டரும் போல்ட்டில் நிற்பவை. கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். அதனால், ஒரு பழைய ஃபெண்டரையோ பானெட்டையோ தனியாக வாங்கி, அதில் வெட்டுங்கள். ஒரிஜினலைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். இந்த ஒரு முடிவு, திரும்ப முடியாத மாற்றத்தைத் திரும்பக்கூடிய மாற்றமாக ஆக்கிவிடும்.

எலும்பை வெட்டாதீங்க. பானெட்டைத் திறந்து அடியில் பாருங்கள். உள்ளே சட்டம் போட்ட மாதிரி ஓர் எலும்புக்கூடு தெரியும். பானெட் வேகத்தில் படபடக்காமல் இருப்பதும், மோதலில் முறைப்படி மடங்குவதும் அதனால்தான். திறப்பு எல்லாம் அந்தச் சட்டங்களுக்கு நடுவில் வர வேண்டும். சில கார்களில், பாதசாரி மீது மோதினால் பானெட் தானாக மேலே எழும் பாதுகாப்பு வசதி இருக்கும். அந்த கார்களில் பானெட் பக்கமே போகாதீர்கள்.

உள் மூடியை மறந்துடாதீங்க. வீல் ஆர்ச்சுக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். ஃபெண்டரில் எவ்வளவு அழகாக வெட்டினாலும், அந்த உறை மூடியே இருந்தால் காற்று வராது. உறையையும் திறந்தால், சக்கரம் வாரி இறைக்கும் கல்லும் சேறும் அதே வழியில் வரும். எனவே வலை கட்டாயம். கதவு ஓரத்தின் பெயின்ட்டுக்கு ஒரு பாதுகாப்பு ஃபிலிமும் நல்லது.

தண்ணீர் எங்கே விழும்? பானெட் லூவர் என்றால் மழை உள்ளே வரும். அதன் நேர் கீழே ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில், ஏர் ஃபில்டர் வாய் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தண்ணீரை ஓரமாக வழித்துவிடும் ஒரு தட்டு அடியில் வைக்க வேண்டும்.

துரு. தொழிற்சாலையில் துத்தநாகம், பிரைமர் என அடுக்கடுக்காகப் பாதுகாத்த இரும்புத் தகட்டை நீங்கள் வெட்டியதும், அதன் ஓரம் நிர்வாணமாகிவிடுகிறது. அரத்தால் மழித்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, பிறகு பெயின்ட் போகாவிட்டால், துரு பெயின்ட்டுக்கு அடியிலேயே ஊர்ந்து வரும். அலுமினிய வென்ட்டை இரும்புத் தகட்டோடு நேரடியாக ஸ்க்ரூ போட்டு இணைத்தாலும் பிரச்னைதான். ஈரம் பட்டதும் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே அரிப்பு தொடங்கும். இடையில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தடுப்பு வையுங்கள்.

திசை. காற்றை வெளியேற்றும் லூவரின் வாய் எப்போதும் பின்னோக்கி இருக்க வேண்டும். திறப்புக்கு முன்னால் சின்னதாக ஒரு உதடு எழுப்பினால், மேலே போகும் காற்று அதைத் தாண்டிக் குதிக்கும். பின்னால் அழுத்தம் இன்னும் குறைந்து, உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சி எடுக்கும். முக்கோணம் போல நீண்டு, பாடிக்குள் சரிந்து இறங்கும் 'நாக்கா டக்ட்' வேறு ஜாதி. அமெரிக்க விமான ஆய்வு அமைப்பு 1940-களில் உருவாக்கியது. காற்றை *உள்ளே* எடுப்பதற்கானது. குறுகிய முனை முன்பக்கம் இருக்க வேண்டும். அழகாக இருக்கிறதே என்று திருப்பி மாட்டினால், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

கூரை திறந்த கார் இது! பக்கவாட்டில் வெளியேறும் சூடும் வாசனையும், கூரையைத் திறந்து ஓட்டும்போது உங்கள் முகத்துக்கே வரலாம். இன்ஜின் அறையில் ஆயில் கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கண்ணுக்கு அழகா வரணுமா?

பழைய கார்களில் செவுள் ஏன் அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது? முன்சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவே நிறைய இடம் இருந்ததால்தான். இன்ஜின் நீளவாக்கில், பின்சக்கரங்களுக்குப் பவர் போகும் கார்களில் இந்த இடம் இயல்பாகவே கிடைக்கும். இசட்4, எஸ்எல்கே எல்லாம் இந்த வகை. அந்த இடம் இல்லாத காரில் செவுளைத் திணித்தால், சின்ன முகத்தில் பெரிய மீசை ஒட்டிய மாதிரிதான் இருக்கும்.

சில எளிய விதிகள். வென்ட்டின் முன் ஓரம், வீல் ஆர்ச்சின் வளைவோடு இணையாகப் போகட்டும். பின் ஓரம், கதவின் கோட்டோடு பேசட்டும். குரோம் பட்டை, கதவின் கைப்பிடியோடும் பாடியின் பக்கவாட்டுக் கோட்டோடும் ஒரே நேர்கோட்டில் வந்தால் கண் உறுத்தாது. 300 எஸ்எல்-ல் இரண்டு பட்டைகள் போதுமானதாக இருந்தது. உங்களுக்கு ஆறு தேவைப்படாது. காரில் வேறெங்கும் குரோம் இல்லையென்றால், வென்ட்டிலும் மேட் அலுமினிய நிறம்தான் எடுபடும்.

முதலில் காகிதத்தில் வெட்டி, டேப்பால் ஃபெண்டரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும். ஏழாவது நாளும் பிடித்திருந்தால் அடுத்த கட்டம்.

சட்டம் என்ன சொல்லுது?

507 பிறந்த ஜெர்மனியில், அனுமதிச் சான்று இல்லாத மாற்றங்களைச் செய்தால், டியூஃப் போன்ற அமைப்பின் ஆய்வுக்குப் பிறகுதான் வண்டியைச் சாலையில் இறக்க முடியும். இல்லையென்றால் வாகனத்தின் ஓட்டும் அனுமதியே போய்விடலாம். வென்ட்டின் கூர்மையான ஓரம் பாதசாரியைக் காயப்படுத்துமா என்பதும் அங்கே முக்கியம்.

இந்தியாவில் இருந்து படிக்கிறீர்கள் என்றால், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதே திசையில் கறாராகத் தீர்ப்பளித்தது. எனவே, தகட்டில் கை வைக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்துபூர்வமாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாத மாற்றம், க்ளெய்ம் நேரத்தில் உங்களுக்கு எதிராக நிற்கும். 'கடையில எல்லாரும் பண்றாங்க' என்பது அங்கே எடுபடாது.

கடைசியாக... எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

ரோட்டில் மட்டும் ஓட்டுகிறீர்கள், ஸ்டைல்தான் நோக்கம் என்றால், முதல் வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இருக்கும் வென்ட்டின் முகத்தை மாற்றுங்கள். செலவு குறைவு, காரும் முழுசாக இருக்கும்.

உங்கள் காரில் வென்ட்டே இல்லை, ஆனால் ஆசை விடவில்லை என்றால், இரண்டாவது வகை. நல்ல அளவில், நல்ல தரத்தில், ஒரே ஜோடி. 'இது வேலை செய்யுமா?' என்று யாராவது கேட்டால், 'இல்லப்பா, அழகுக்கு' என்று சொல்லிவிடுங்கள். பியூக் வாங்கியவர்கள் யாரும் வெட்கப்படவில்லை!

டிராக்கில் ஓட்டுகிறீர்கள், டெம்பரேச்சர் முள் நிஜமாகவே ஏறுகிறது என்றால், அப்போதும் உடனே வெட்டாதீர்கள். முதலில் கூலன்ட், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் ஃபேன், ரேடியேட்டரைச் சுற்றிக் காற்று ஒழுகாமல் இருக்க வைத்திருக்கும் தடுப்புகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பழுதான தெர்மோஸ்டாட்டை எந்த லூவரும் குணப்படுத்தாது. எல்லாம் சரியாக இருந்தும் சூடு குறையவில்லையா? நூல் ஒட்டுங்கள், அழுத்தத்தை அளங்கள், தனி பானெட் வாங்குங்கள், பிறகு வெட்டுங்கள்.